அத்தியாயம் 6: சும்மா நிற்கும் காய்

ஆட்டம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள் ஆகியிருக்கும். இருவரும் காஸ்லிங் செய்தாயிற்று. செக் வைக்க வழியில்லை, வெட்டுவதற்கு எதுவும் அகப்படவில்லை, எதிராளியும் எதையும் மிரட்டவில்லை. கை பலகைக்கு மேல் இப்படியும் அப்படியும் அலைகிறது. கடைசியில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்துகிறோம். ஃபோர்க், பின் போன்ற தந்திரங்களை ஓரளவு கற்றவர்கள்கூடத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வியூகம் தொடங்குவதும் இங்கேதான்.

வியூகம் என்றவுடன், பதினைந்து நகர்த்தல்களை முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்க்கும் மேதைகளின் வித்தை என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது. புதிதாக ஆடுபவருக்கு அது தேவையே இல்லை. அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி மிகச் சிறியது: என் காய்களில் எது சும்மா நிற்கிறது, அதற்கு எப்படி வேலை கொடுப்பது? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடும்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சில வீடுகளில் ராணியை மந்திரி என்பார்கள், சில வீடுகளில் பிஷப்பை. இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். யானை என்பது மூலையில் நின்று நேர்க்கோட்டில் ஓடும் காய். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு ஃபைல்கள். வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்கள். பக்கத்தில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு படியுங்கள். வெறுமனே வாசித்தால் பாதிதான் மனத்தில் தங்கும்.

முதலில் காவல்

எவ்வளவு அழகான திட்டம் வைத்திருந்தாலும் அடுத்த நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்தால் எல்லாம் போச்சு. ஆரம்ப நிலையில் ஆட்டங்கள் முடிவாவது பெரும்பாலும் யாராவது ஒருவர் காயைக் கவனிக்காமல் விடுவதால்தான். ஆகவே எதிராளி நகர்த்திய ஒவ்வொரு முறையும், அந்தக் காய் இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எதைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். உங்கள் நகர்த்தலை முடிவு செய்த பிறகு, இதற்கு அவர் செக் வைப்பாரா, எதையாவது வெட்டுவாரா என்று இன்னொரு முறை பாருங்கள். காயைத் தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும் என்பது போட்டி விதி. பார்வையெல்லாம் கை நீளுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

காயை ஜெயித்துத் தரும் தந்திரம் ஒன்று கண்ணில் பட்டால் வியூகத்தை மறந்துவிட்டு அதை ஆடுங்கள். அப்படி எதுவும் இல்லாதபோதுதான் இனி வருவது எல்லாம்.

மாறிக்கொண்டே இருக்கும் விலை

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். இந்த எண்கள் பரிமாற்றத்தின்போது கணக்குப் பார்க்கப் பயன்படும். ஆனால் இவை சராசரிதான். பலகையில் நிற்கும் ஒரு குதிரையின் அன்றைய விலை என்ன என்பது, அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

காலிப் பலகையை எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். குதிரையை இ4-இல் வைத்தால் எட்டுக் கட்டங்களுக்குப் பாயும். ஹெச்4-இல் வைத்தால் நான்கு. மூலையில், ஏ1-இல் வைத்தால் இரண்டே இரண்டு. பிஷப்பை நடுவில் வைத்தால் பதின்மூன்று கட்டங்கள், மூலையில் வைத்தால் ஏழு. ராணிக்கு நடுவில் 27, மூலையில் 21. இந்த எண்ணிக்கையில் ஒரு விசித்திரமும் உண்டு. யானையைக் காலிப் பலகையில் எங்கே வைத்தாலும் பதினான்குதான். நடுவோ மூலையோ அதற்கு ஒன்றே.

இதிலிருந்தே பாதி வியூகம் பிறந்துவிடுகிறது. குதிரைக்கும் பிஷப்புக்கும் நடுப்பலகை வேண்டும், எனவே அவற்றை அங்கே நோக்கி நகர்த்துகிறோம். யானை நடுவுக்கு வரவேண்டியதில்லை, அதற்கு வேண்டியது சிப்பாய்கள் மறிக்காத ஒரு ஃபைல். உங்கள் யானை ஏ1-இல் நிற்கிறது, எதிரே ஏ2-இல் உங்கள் சிப்பாய், பக்கத்தில் பி1-இல் இன்னும் நகராத குதிரை என்றால், அந்த யானையின் விலை அப்போதைக்கு ஐந்தல்ல, சுழி. அதே யானையைத் திறந்த டி-ஃபைலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எதிராளியின் சிப்பாய்கள் வரிசையாக நிற்கும் ஏழாம் வரிசைக்குள் நுழையவிட்டால், ஆட்டம் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு பிஷப்பைப் பூட்டி வைத்த ஆட்டம்

இந்தக் கருத்தை ஒரு முழு ஆட்டத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நான் தேர்ந்தெடுப்பது 1919-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஆடப்பட்டது. வெள்ளைக்கு வில்லியம் வின்டர். கறுப்புக்கு கியூபாவின் ஹோசே ரவுல் கபாபிளாங்கா. இரண்டு ஆண்டுகள் கழித்து 1921-இல் இமானுவேல் லாஸ்கரை வென்று உலக சாம்பியன் ஆனவர். எல்லோரும் காட்டும் ஆட்டங்களில் ராணியைப் பலிகொடுத்து மேட் செய்யும் வாணவேடிக்கை இருக்கும். இதில் அப்படி எதுவும் கிடையாது. கற்றுக்கொள்கிறவருக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

தொடக்கம் இப்படி. வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. குதிரை சி3, குதிரை எஃப்6. பிஷப் பி5, பிஷப் பி4. ஐந்தாவதாக இருவரும் காஸ்லிங். ஆறாவதில் வெள்ளை பிஷப் சி6 குதிரையை வெட்ட, கறுப்பு டி-சிப்பாயால் திருப்பி வெட்டுகிறார். ஏழாவது, டி3, பிஷப் டி6. எட்டாவது, வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்து எஃப்6 குதிரையை ராணியோடு சேர்த்துப் பின் செய்கிறது. கறுப்பு ஹெச்6 என்று விரட்டுகிறார். ஒன்பதாவது, பிஷப் ஹெச்4, சி5.

பத்தாவது நகர்த்தலில் வெள்ளை குதிரையை டி5-இல் கொண்டுவந்து நிறுத்துகிறார். பார்க்க மிரட்டலான நகர்த்தல்: நடுக்கட்டம், பின் செய்யப்பட்ட குதிரைமேல் இன்னொரு தாக்குதல். நம்மில் பலர் இதை ஆடிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வோம். கபாபிளாங்காவின் பதில் ஜி5. தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயையே முன்னே தள்ளுகிறார்.

வெள்ளை அந்தச் சிப்பாயைக் குதிரையால் வெட்டினால் என்ன? கறுப்பு எஃப்6 குதிரை டி5 குதிரையை வெட்டிவிடும். வெள்ளை இ-சிப்பாயால் திருப்பி வெட்டினால், ஹெச்6 சிப்பாய் ஜி5 குதிரையை வெட்டும். பிறகு பிஷப் ஜி5-ஐ வெட்டினால் கறுப்பு ராணி அதையும் எடுத்துக்கொள்ளும். பலகையில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வெள்ளைக்கு நஷ்டமே. ஆகவே வின்டர் 11-ஆவதில் எஃப்6 குதிரையைச் செக்கோடு வெட்டுகிறார், ராணி திருப்பி வெட்டுகிறது. ஹெச்4 பிஷப்புக்கு இப்போது ஜி3-க்குப் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை.

அதன் பிறகு கபாபிளாங்கா செய்தது சுத்தமான பரிமாற்றம். 12-ஆவதில் பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுவந்து எஃப்3 குதிரையைப் பின் செய்கிறார். வெள்ளை ஹெச்3 என்று கேட்க, பிஷப் குதிரையை வெட்டுகிறது. ராணி திருப்பி வெட்ட, ராணியால் ராணியை வெட்டுகிறார். ஜி-சிப்பாய் எஃப்3-இல் வெட்டுகிறது. 15-ஆவதில் கறுப்பு எஃப்6.

இங்கே நிறுத்துங்கள். வெள்ளையிடம் ராஜா ஜி1, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப் ஜி3, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி3, இ4, எஃப்2, எஃப்3, ஹெச்3. கறுப்பிடம் ராஜா ஜி8, யானைகள் ஏ8, எஃப்8, பிஷப் டி6, சிப்பாய்கள் ஏ7, பி7, சி7, சி5, இ5, எஃப்6, ஜி5, ஹெச்6. எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் அச்சுப் பிசகாமல் சமம். இரண்டு யானை, ஒரு பிஷப், எட்டுச் சிப்பாய். இரு பக்கமும் ஒரு ஜோடி இரட்டைச் சிப்பாயும் உண்டு. ஆனாலும் வெள்ளை இந்த இடத்திலேயே கிட்டத்தட்டத் தோற்றுவிட்டார்.

ஜி3 பிஷப்பைப் பாருங்கள். எதிரே இ5, எஃப்6, ஜி5 என்று கறுப்புச் சிப்பாய்களின் சுவர். பின்னால் எஃப்2-இல் தன் சிப்பாயே மறிக்கிறது. போக வரக் கிடைப்பது ஹெச்2 என்ற ஓரக் கட்டம் மட்டும். அதை விடுவிக்க வேண்டுமானால் ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பல நகர்த்தல்களைச் செலவழிக்க வேண்டும். கறுப்பு பிஷப் டி6-இல் அப்படியொன்றும் பிரமாதமாக நிற்கவில்லை. ஆனால் அது ஆட்டத்தில் இருக்கிறது. ஆக, ஏ, பி, சி, டி ஃபைல்களில் சண்டை மூண்டால் கறுப்பின் மூன்று காய்களை வெள்ளையின் இரண்டு காய்கள்தான் எதிர்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் இந்த இடத்தில் செய்யும் தவறு எனக்கு நன்றாகத் தெரியும். அடைபட்ட பிஷப்பைத் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார்கள். கபாபிளாங்கா அதன் பக்கமே திரும்பவில்லை. பூட்டிய அறையைத் திறந்து பார்க்க அவருக்கு அவசியமில்லை. சண்டையை மறுபக்கம் கொண்டுபோனார்.

அவசரமும் படவில்லை. 16-ஆவதில் ஏ5. 17, 18-ஆவதில் ராஜாவை எஃப்7 வழியாக இ6-க்குக் கொண்டுவந்தார். ராணிகள் போய்விட்ட பிறகு ராஜாவும் வேலை செய்ய வேண்டிய காய்தான். 19-ஆவதில் எஃப்8 யானை பி8-க்குப் போகிறது. பி-ஃபைல் இன்னும் திறக்கவில்லை. தான் திறக்கப்போகும் ஃபைலில் யானையை முன்கூட்டியே நிறுத்துகிறார். வெள்ளை இதற்குள் ஹெச்4 ஆடி ஹெச்-ஃபைலைத் திறக்கிறார், ஆனால் அங்கே யானைக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. பிறகு கறுப்பின் சி6, பி5. 23-ஆவதில் சி4! எல்லோரும் பலவீனம் என்று சொல்லும் அந்த இரட்டைச் சிப்பாயே கதவை உடைக்கப் போகிறது. பரிமாற்றங்கள் முடிந்தபோது கறுப்பு யானை பி3-இல் சிப்பாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 29-ஆவது நகர்த்தலில் டி4 சிப்பாயும் விழுந்தது. வெள்ளை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

12-ஆவது நகர்த்தலில் ஜி3-க்கு வந்த பிஷப், ஆட்டம் முடியும்வரை அந்தக் கட்டத்தைவிட்டு அசையவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்கள் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் ஜி-சிப்பாயைத் தள்ளாதீர்கள். இங்கே அது பலித்ததற்குக் காரணங்கள் இருந்தன: ஜி5-இல் குதிரையைப் பலிகொடுத்து ராஜாவைத் திறக்கும் வழி வெள்ளைக்கு இல்லை, ராணிகளும் சீக்கிரமே பலகையைவிட்டுப் போய்விட்டன. ராணிகளும் குதிரைகளும் நிறைந்த பலகையில் இதே நகர்த்தல் தற்கொலையாக முடியலாம். இந்த ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஜி5 என்ற நகர்த்தலை அல்ல, 15-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு அவர் போட்ட கணக்கை.

உங்கள் பக்கத்தில் அந்தக் காய்

பாகுவில் வாழ்ந்த சோவியத் பயிற்சியாளர் விளாதிமிர் மாகோகோனோவின் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. என்ன ஆடுவது என்று தெரியாவிட்டால், உங்கள் காய்களில் மிக மோசமாக நிற்பதைத் தேடி அதை நல்ல இடத்துக்கு மாற்றுங்கள் என்பதே அது. இதைவிடச் சிறந்த அறிவுரை புதியவருக்குக் கிடையாது.

செய்யும் முறையில்தான் பலர் வழுக்குகிறார்கள். குதிரை எங்கே பாய முடியும் என்று பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். இந்தக் குதிரையைக் கையில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தால் எங்கே வைப்பீர்கள்? முதலில் அந்தக் கட்டத்தை முடிவு செய்யுங்கள். பிறகு அங்கே போக எத்தனை பாய்ச்சல் என்று எண்ணுங்கள். ஸ்பானிஷ் தொடக்கத்தில் வெள்ளைக் குதிரை பி1-இலிருந்து டி2, எஃப்1, ஜி3 என்று மூன்று பாய்ச்சலில் ராஜா பக்கம் போய்ச் சேர்வதைப் பார்த்துப் புதியவர்கள் வியப்பார்கள். அது சுற்றுப்பயணம் போகவில்லை. எஃப்5 கட்டத்தின்மேல் கண் வைத்துவிட்டு, அதற்கு வழி போட்டிருக்கிறது.

குதிரைக்கு எது நல்ல கட்டம்? எதிராளியின் சிப்பாய் எதுவும் விரட்ட முடியாத, உங்கள் சிப்பாய் ஒன்று தாங்கிப் பிடிக்கும் கட்டம். எதிராளியிடம் சி-சிப்பாயும் இ-சிப்பாயும் போய்விட்டன, உங்கள் சிப்பாய் இ4-இல் இருக்கிறது என்றால், டி5-இல் நிற்கும் உங்கள் குதிரையைச் சிப்பாயால் கிளப்ப முடியாது. அதை ஒழிக்க அவர் தன் குதிரையையோ பிஷப்பையோ கொடுத்தாக வேண்டும்.

பிஷப் பெரும்பாலும் கெடுவது சொந்தச் சிப்பாய்களால்தான். பிரெஞ்சு டிஃபென்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வெள்ளை இ4, கறுப்பு இ6, டி4, டி5, இ5. இப்போது கறுப்பின் சி8 பிஷப்புக்கு முன்னால் இ6 சிப்பாய் கதவடைத்து நிற்கிறது. இந்தத் தொடக்கத்தை ஆடுபவர்கள் தெரிந்தே அந்தச் சுமையை ஏற்கிறார்கள். பின்னால் பி6 ஆடி, ஏ6 வழியாக அந்தப் பிஷப்பை எதிராளியின் நல்ல பிஷப்போடு மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். மோசமான காயைத் திருத்த வழியில்லையென்றால் இப்படித் தள்ளிவிடுவதும் ஒரு வைத்தியம்தான்.

யானையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திறந்த ஃபைல் இருந்தால் அங்கே போகட்டும். இல்லாவிட்டால் எது திறக்கும் என்று பார்த்து அங்கே காத்திருக்கட்டும்.

சிப்பாய் பின்வாங்காது

பிரான்ஸின் ஃபிலிடோர் 1749-இல் வெளியிட்ட நூலில் சிப்பாய்களுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தை அவர் காலத்தவர் பலர் விளங்கிக்கொள்ளவில்லை. எல்லோரும் ராணியையும் குதிரையையும் வைத்துத் தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கும் புதியவர்களின் மனநிலை அதுதான்: வேறு ஒன்றும் தோன்றாவிட்டால் சிப்பாயைத் தள்ளு.

குதிரையைத் தவறான இடத்தில் வைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இரண்டு நகர்த்தல் வீண், அவ்வளவுதான். சிப்பாயைத் தள்ளினால் தள்ளியதுதான். அதோடு ஓரத்துச் சிப்பாய்களைத் தவிர ஒவ்வொரு சிப்பாயும் நகரும்போது இரண்டு கட்டங்களின் காவலைக் கைவிடுகிறது. ஜி2 சிப்பாய் எஃப்3, ஹெச்3 இரண்டையும் காத்துக்கொண்டிருக்கிறது. ஜி3-க்கு நகர்ந்த கணத்தில் அவை திறந்துவிடுகின்றன. எதிராளியின் பிஷப்போ குதிரையோ அங்கே வந்து உட்கார்ந்தால் துரத்த அந்தச் சிப்பாயால் இனி முடியாது. எனவே சிப்பாயைத் தொடும் முன், இது எந்த இரண்டு கட்டங்களை விட்டுவிட்டுப் போகிறது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்கள் தேவையற்ற சிப்பாய் நகர்த்தல்களில் பெரும்பகுதியைத் தானே நிறுத்திவிடும்.

எந்தப் பக்கம் தாக்குவது என்பதற்கும் சிப்பாய்களே வழி சொல்லும். மேலே சொன்ன பிரெஞ்சு டிஃபென்ஸில் வெள்ளைச் சிப்பாய்கள் டி4, இ5 என்று சங்கிலியாக நிற்கின்றன. அந்தச் சங்கிலி ராஜா பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வெள்ளைக்கு இடம் அதிகம் அந்தப் பக்கம்தான், அங்கேதான் அவர் தாக்க வேண்டும். கறுப்பு என்ன செய்வது? சங்கிலியின் முனையான இ5-இல் முட்டுவதைவிட அடியில், டி4-இல் அடிப்பது நல்லது என்றார் ஆரோன் நிம்சோவிச். 1925-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய 'என் முறை' என்ற நூல் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறது. அதனால்தான் கறுப்பு அடுத்த நகர்த்தலிலேயே சி5 என்று டி4-ஐத் தாக்குகிறார். சிசிலியன், பிரெஞ்சு என்று பெயர்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம் இந்த சி5 எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்தத் தொடக்கத்தை ஆடட்டும், வராவிட்டால் வேண்டாம்.

எதை மாற்றிக்கொள்வது

'அவர் வெட்டினார், நானும் வெட்டினேன்' என்பது புதியவர்களின் பரிமாற்ற விதி. பலகையைவிட்டு என்ன போகிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

உலக சாம்பியன் பட்டமே இந்த ஒரு விஷயத்தில் கைமாறியிருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரனும் சென்னையின் குகேஷும் 6.5-க்கு 6.5 என்று சமநிலையில் இருந்தார்கள்; பதினான்காவது, கடைசி ஆட்டம். ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப். கறுப்பில் ஆடிய குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். யானைகள் பலகையில் இருக்கும்வரை வெள்ளை சமன் செய்துவிடலாம் என்ற நிலை. டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நின்றது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-இல் வைத்து யானைப் பரிமாற்றத்துக்கு அழைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியது. உடனே கறுப்பு பிஷப் டி5-இல் வந்து நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான். டி5-இல் எதிர்ப்பட்ட பிஷப்பிடமிருந்து ஒதுங்க அதற்கு வேறு தடம் கிடையாது. பிஷப்புகளும் பரிமாறப்பட்டன. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அதில் அந்த ஒரு கூடுதல் சிப்பாய் வெற்றிக்குப் போதும். 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது; 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

மேலே காலிப் பலகையில் எண்ணினோமே, மூலையில் பிஷப்புக்கு ஏழு கட்டம் என்று. அந்தக் கணக்கு இங்கே வந்து நின்றிருக்கிறது.

பொதுவாக, காய்க் கணக்கில் முன்னே இருப்பவர் பெரிய காய்களைப் பரிமாறலாம், சிப்பாய்களை வைத்துக்கொள்ள வேண்டும். பின்தங்கியவர் இதற்கு நேர்மாறாக, சிப்பாய்களைக் குறைத்துப் பெரிய காய்களை வைத்துக்கொள்ளப் பார்க்க வேண்டும். இடம் நெருக்கடியாக இருந்தால் ஒன்றிரண்டு காய்களை மாற்றி மூச்சு விடலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் சும்மா நிற்கும் காயைக் கொடுத்து அவருடைய சுறுசுறுப்பான காயை வாங்க முடிந்தால், புள்ளி சமமாக இருந்தாலும் அது லாபமே.

பயிற்சி

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு நம் ஊர்களில் குழந்தைகளைச் செஸ் வகுப்பில் சேர்க்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை நைடார்ஃப் சிசிலியனைப் பன்னிரண்டு நகர்த்தல் வரை ஒப்பிக்கிறது என்று பெற்றோர் பெருமைப்படும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். பதின்மூன்றாவது நகர்த்தலில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தொடக்கத்துக்கு இது போதும்: நடுவில் ஒரு சிப்பாய், குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, சீக்கிரம் காஸ்லிங். இத்தாலியன் தொடக்கத்தில் இந்த மூன்றும் தானாக நடந்துவிடும்.

மிச்ச நேரத்தை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். 1921-இல் வந்த கபாபிளாங்காவின் 'செஸ் அடிப்படைகள்' நூல், யானையும் ராஜாவும் சேர்ந்து மேட் செய்வது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறது. பலகையில் இரண்டு மூன்று காய்கள் மட்டும் இருக்கும்போதுதான் ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் பச்சையாகத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மொபைலில் மூன்று நிமிட ஆட்டங்களை ஆடித் தள்ளுவதால் வியூகம் வராது. ஆனந்த் சிறுவயதில் மின்னல் வேகத்தில்தானே ஆடினார் என்று பிள்ளைகள் மடக்குவார்கள். அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது நமக்குத் தெரிய ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை நமக்குக் கொடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை. ஆளுக்கு அரைமணி நேரமாவது உள்ள ஆட்டங்களை ஆடுங்கள். நகர்த்தல்களை எழுதுங்கள். பத்தாவது நகர்த்தலுக்கு அருகில், உங்கள் காய்களில் எது மோசமாக நிற்கிறது என்று மனத்தில் குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அதைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். ஆட்டத்தின் நடுவே இதுபோன்ற குறிப்புகள் எழுதுவது போட்டி விதிப்படி தவறு.

தோற்ற ஆட்டத்தை உடனே கணினியில் போடாதீர்கள். இந்த நகர்த்தல் தப்பு, அந்த நகர்த்தல் சரி என்று அது எண்ணைக் காட்டும். ஏன் என்று சொல்லாது. முதலில் நீங்களே உட்கார்ந்து, எந்த இடத்தில் உங்கள் காய்கள் வேலையற்றுப் போயின என்று தேடுங்கள். முடிந்தால் எதிராளியையும் கூட உட்காரவைத்து, அவர் அப்போது என்ன நினைத்தார் என்று கேளுங்கள். கணினி கடைசியில் வரட்டும்.

பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் படிப்பதானால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்லும் நூலாகத் தேர்ந்தெடுங்கள். 1957-இல் இர்விங் செர்னேவ் எழுதிய 'லாஜிக்கல் செஸ்' அப்படிப்பட்டது. ஆங்கிலம் எளிமையானது, பத்தாம் வகுப்பு மாணவர் படித்துவிடலாம். வெற்றி பெற்றவரின் அடுத்த நகர்த்தலை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன ஆடுவீர்கள் என்று முடிவு செய்த பிறகு தாளை விலக்குங்கள். ஒத்துப்போனதா என்பது முக்கியமில்லை. ஒத்துப்போகாதபோது அவர் எந்தக் காயை நினைத்தார், நீங்கள் எந்தக் காயை மறந்தீர்கள் என்று பாருங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. வின்டர் - கபாபிளாங்கா ஆட்டத்தின் 15-ஆவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையைப் பலகையில் அடுக்குங்கள். வெள்ளை ஆட வேண்டிய முறை. ஒரு நண்பரோடு முதலில் கறுப்பாக ஆடுங்கள், பிறகு பக்கம் மாறி வெள்ளையாக ஆடுங்கள். வெள்ளையாக ஆடும்போது அந்த ஜி3 பிஷப்பை வெளியே கொண்டுவர எத்தனை நகர்த்தல் ஆகிறது, அதற்கு எத்தனை சிப்பாய் செலவாகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள்.